தண்டையார்பேட்டையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை: உணவும், அதைப் பரிமாறுபவர்களின் நேரமும்

உணவகத்தைப் பற்றி எழுதும்போது சுவை, விலை, சுத்தம், உபசரிப்பு என்ற நான்கையும் தவறாமல் எழுதுகிறோம். அந்த உணவைச் சமைத்தவரும் பரிமாறியவரும் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள், தங்கள் பிள்ளைகளை விழித்திருக்கும்போது வாரத்தில் எத்தனை நாள் பார்க்கிறார்கள் என்பது நம் மதிப்பீடுகளில் இடம்பெறுவதே இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள ஓர் அசைவ உணவகத்தைப் பற்றிய இந்த மதிப்பீட்டில் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே சாப்பாடு நன்றாக இருப்பதற்கும் பணியாளர்களின் நேரம் ஒழுங்காக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது பலமுறை சாப்பிட்டும் பேசிப் பார்த்தும் நான் வந்தடைந்த முடிவு. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். சுற்றுவட்டாரக் கடைகளின் ஆட்கள் இங்கே வேலை கேட்டு வரத் தொடங்கியதில் ஏற்கெனவே சிறு மனக்கசப்பு உண்டாகியிருக்கிறது. அது வளர வேண்டாம் என்பது அவர் எண்ணம். இந்தப் பகுதியில் சாப்பிடுபவர்களுக்கு எந்தக் கடை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் சாப்பாடு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம் என்பதால் மீன் அன்றன்று அதிகாலையில் வந்து இறங்குகிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஊற்றப்படும் சங்கரா மீன் குழம்பில் புளி தூக்கலாக இல்லை. சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டும் சேர்ந்து வரும் அந்தக் குழம்பை இரண்டாம் முறை கேட்காமல் எழுந்தவர்களை நான் பார்த்ததில்லை. சுறாப் புட்டு உதிரியாகவும் பூண்டு மணத்தோடும் இருக்கிறது. நெத்திலி வறுவல் மொறுமொறுப்பாக வருகிறது. வஞ்சிரம் மட்டும் விலைக்கேற்ற தடிமனில் இல்லை என்பது என் குறை. இரவில் பரோட்டாவும் சால்னாவும். இந்தக் கடையின் பரோட்டா எந்த நாளில் போனாலும் ஒரே பதத்தில் இருக்கிறது. பரோட்டா மாஸ்டரும், குழம்பு வகைகளைச் சமைக்கும் சரக்கு மாஸ்டரும் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் இது எளிதில் அமைவதில்லை. கடைக்குப் போகிறவர்கள் சுவை மாறிவிட்டது என்று சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் மசாலா அல்ல, ஆள் மாறியதுதான். இங்கே ஆள் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று விசாரித்தபோதுதான் வேலை நேரத்தின் கதை வெளியே வந்தது.

சென்னையின் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளில் நடைமுறையில் இருப்பது பிரேக் டூட்டி. காலை பத்து மணிக்கு வந்து மதியக் கூட்டம் ஓயும் வரை நான்கு மணிவரை நிற்க வேண்டும். பிறகு ஆறு மணிக்குத் திரும்பி வந்து இரவு பதினொன்றரை வரை நிற்க வேண்டும். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரம் ஓய்வு என்று கணக்கில் எழுதப்படுகிறது. மீஞ்சூரிலோ அத்திப்பட்டிலோ வாடகைக்குக் குடியிருப்பவர் அந்த இரண்டு மணி நேரத்தில் மின்சார ரயிலில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. ஆகவே கடையின் மாடியிலோ, மூட்டை அடுக்கிய அறையிலோ, ஷட்டர் பாதி இறக்கிய கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டோ படுத்துக்கொள்கிறார். அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை எட்டரைக்கு, திரும்புவது நள்ளிரவுக்குப் பிறகு. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் அயர்ந்து தூங்குகிறார், அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் கடையில் இலை போடுகிறார். வேலை செய்த நேரத்தை மட்டும் கூட்டினாலே ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணி நேரம் ஆகிறது. வார விடுமுறை இல்லாத கடையென்றால் வாரத்துக்கு 80 மணி நேரத்தைத் தாண்டிவிடும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த வரம்பை இத்தொழிலில் இருப்பவர்கள் வாரத்தின் ஐந்தாம் நாளிலேயே கடந்துவிடுகிறார்கள்.

இந்தக் கடையில் பிரேக் டூட்டியை எடுத்துவிட்டார்கள். காலை ஆறரை முதல் மூன்று மணி வரை ஒரு ஷிஃப்ட்; பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்தரை வரை இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் உணவு இடைவேளை. ஆக வேலை நேரம் எட்டு மணி. ஆறு நாளுக்கு 48 மணி. இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையான எண் அல்ல. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவு இருக்கிறது. உணவகங்களுக்கென்றே 1958-இல் தனிச் சட்டம் வந்து வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் விதி வகுத்தது. கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதி தந்தபோதும், ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும், அந்த விவரத்தைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தந்தது. நள்ளிரவில் பிரியாணி கிடைக்கிறது என்று மகிழ்ந்த நாம், அந்த ஆணையின் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு ஷிஃப்டும் ஒன்றோடொன்று கலக்கும் அந்த ஒரு மணி நேரத்தை உரிமையாளர் அமைத்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. மதியக் கூட்டத்தின் கடைசிப் பகுதி இரண்டு மணிக்கு மேல்தான் நெருக்கும் என்பதால், அப்போது கூடத்தில் ஆட்கள் இரு மடங்கு இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் பரிமாறத் தொடங்க, காலையிலிருந்து நின்றவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சமையலறை மூலையில் அல்ல, வாடிக்கையாளர்கள் உட்காரும் அதே மேசையில், அதே இலையில், அதே மீன் குழம்போடு. பல கடைகளில் பணியாளர் சாப்பாடு என்பது மிஞ்சிய சோறும் சாம்பாரும்தான். நாள் முழுக்க வஞ்சிரம் பரிமாறுகிறவருக்கு அந்த மீனின் ருசி தெரியாமலே போவது என்னைப் பொறுத்தவரை ஓர் உணவகத்தின் பெரிய இழுக்கு. அந்தக் கடைகளின் வாசனையைக்கூட அதற்குப் பிறகு என்னால் அனுபவிக்க முடிவதில்லை.

உணவு இடைவேளைக்காக வடசென்னை போராடியது புதிதல்ல. பெரம்பூரில் பக்கிங்காம் அண்டு கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, மதிய உணவுக்குத் தரப்பட்ட நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1923-இல், சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாளை இதே நகரத்தில்தான் கொண்டாடினார்; கூட்டங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் நடந்தது. ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற நேரக் கணக்கு, அந்த ஆலைத் தொழிலாளிக்கு டீயும் டிபனும் கொடுத்த கடையின் பையன் வரைக்கும் வந்து சேரவில்லை. சிறு கடைகளில் சங்கம் கிடையாது, ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள், பலரும் வெளியூர்க்காரர்கள், முன்பணம் வாங்கியவர்கள். தட்டிக் கேட்டால் தங்கும் இடமும் சேர்ந்து போய்விடும்.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது கல்லாவுக்குப் பின்னால், கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில் தொங்கும் வெள்ளைப் பலகை. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எந்த நாள் விடுப்பு என்பது அதில் பதினைந்து நாளுக்கு முன்பே எழுதப்படுகிறது. செவ்வாய்க்கிழமை கடையே விடுமுறை. ஞாயிறு, வெள்ளி போன்ற கூட்ட நாட்களில் யார் எந்த ஷிஃப்டில் வருவது என்பதை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஒருவர் தலையிலேயே கட்டுவதில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சப்ளையராக இருப்பவர் ஒருவரிடம் பேசினேன். சம்பளத்தைவிட இந்தப் பலகை பெரிது என்றார். “லீவு உண்டு, ஆனா எப்போன்னு அன்னிக்குக் காலைலதான் சொல்வாங்கன்னா அது லீவே இல்ல சார். ஊருக்கு டிக்கெட் போட முடியாது, பொண்ணு ஸ்கூல் மீட்டிங்குக்கு வரேன்னு வாக்குக் கொடுக்க முடியாது” என்பது அவர் சொன்னது. உணவகங்கள், விடுதிகளின் பணி நிலைமை குறித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1991-இல் நிறைவேற்றிய 172-ஆம் எண் உடன்படிக்கையும் இதையேதான் சொல்கிறது: குடும்ப வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்ள ஏதுவாக, இயன்றவரை வேலை நேர அட்டவணையைப் போதிய அவகாசத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. ஒரு வெள்ளைப் பலகையும் ஒரு மார்க்கர் பேனாவும் வாங்க எந்தக் கடைக்கும் முடியும். ஆகவே செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடும் உரிமையாளர்களின் வாதத்தை நான் ஏற்பதில்லை.

நீண்ட விடுப்பு விஷயத்தில் கடலையே நாட்காட்டியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த நாட்களில் நாட்டுப் படகுகளில் வரும் மீன் குறைவு, விலை அதிகம். வழக்கமான கடைகள் உறைய வைத்த மீனை வாங்கி ஒப்பேற்றும். இவர்கள் மீன் வகைகளைப் பாதியாகக் குறைத்துக் கோழியும் முட்டையும் கருவாட்டுக் குழம்பும் போடுகிறார்கள். சமையலறை வேலை குறையும் அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் முறை வைத்துச் சம்பளத்தோடு பத்து நாள் ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். பள்ளிகளின் கோடை விடுமுறை, சித்திரை வைகாசியில் ஊர்க் கோயில் கொடை, கல்யாண முகூர்த்தங்கள் எல்லாம் அதே காலத்தில்தான் வருகின்றன. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் பயணத்துக்கே பல நாள் ஆகும் என்பதால் இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்து எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. தடைக்காலத்தில் போய்ச் சங்கரா இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். கருவாட்டுக் குழம்பு அருமையாக இருக்கும்.

உட்காரும் உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கத் தேவையில்லாதபடி இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகளில் அதன் பிறகு முக்காலிகள் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் யாரும் உட்கார்ந்து பார்த்ததுதான் குறைவு. இந்த உணவகத்தில் கூடத்தின் இரண்டு ஓரங்களிலும் நான்கு முக்காலிகள் இருக்கின்றன, அவற்றில் ஆட்கள் உட்காரவும் செய்கிறார்கள். குதிகால் வலி, காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளுதல், முதுகு வலி ஆகியவை இத்தொழிலில் முப்பது வயதிலேயே வந்துவிடுகின்றன. ஒருநாள் மாலை, பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரைக் காட்டிக் கல்லாவில் முறையிட்டார். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, “ஐயா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, தம்பி கொண்டு வருவாப்ல. அவர் உட்காரட்டும்” என்று மரியாதையாகச் சொல்லி முடித்துக்கொண்டார். முக்காலி வாங்கிப் போடுவதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருகிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நியாயமான கேள்வி. இரண்டு நேர் ஷிஃப்ட் என்றால் ஆட்கள் கூடுதலாக வேண்டும். உரிமையாளர் மூன்று காரியம் செய்திருக்கிறார். உணவுப் பட்டியலைச் சுருக்கினார். ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், தந்தூரி எல்லாம் போய்விட்டன. மூன்று மணிக்கு மேல் மாலை ஆறு வரை அடுப்பு வேலையை நிறுத்தி, டீயும் வடையும் மட்டும் வைத்துக்கொண்டார். சாப்பாட்டின் விலையைப் பதினைந்து ரூபாய் ஏற்றினார். பதிலுக்கு அவருக்கு மிச்சமாவது எது என்று கேட்டபோது, முன்பெல்லாம் தீபாவளிக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வராமல் போனதால் முழுகிய அட்வான்ஸ் தொகையும், புது ஆள் கை பழகும் வரை வீணான மாவும் மீனும், அந்த வாரங்களில் வராமல் போன வாடிக்கையாளர்களும் என்று விரல் விட்டுச் சொன்னார். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடை என்பதால் சம்பளக் கணக்கில் உள்ள எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் உண்டு. சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. எண்ணெய் தெறித்துக் கை வெந்தாலோ காய்ச்சலில் படுத்தாலோ அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம், மருத்துவச் சான்று இருந்தால் நோய் விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் எழுபது விழுக்காடு வரை உதவித்தொகையும் வரும். பரோட்டா மாஸ்டர் ஒருவர் கட்டைவிரல் வலியோடு கல்லில் நிற்காமல் வீட்டில் இருக்க முடிவது இதனால்தான்.

வாடிக்கையாளர்களுக்கு இந்த ஏற்பாட்டால் சில அசௌகரியங்கள் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. இரவு ஒன்பதே முக்காலுக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை. செயலிகள் வழியாக வரும் பார்சல் ஆர்டரை அதற்கும் கால் மணி நேரம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். துறைமுகத்திலும் சரக்குப் பெட்டக முனையங்களிலும் இரவு வேலை முடித்து வருகிற லாரி ஓட்டுநர்களுக்கு இது உண்மையான இழப்பு. மாலை நான்கு மணிக்குப் பசியோடு போனால் வடையைத் தவிர எதுவும் கிடைக்காது. ஆனால் கடைசி மேசை பத்து மணிக்கு எழுந்தால்தான் பாத்திரம் ஒதுக்கி, அடுப்பைத் துடைத்து, பத்தரைக்குக் கிளம்பி, ஆட்கள் மெட்ரோவையோ கும்மிடிப்பூண்டி ரயிலையோ பிடிக்க முடியும். ஷட்டர் இறங்கும் நேரத்தில் குடும்பத்தோடு நுழைந்து, “ரெண்டே ரெண்டு பரோட்டா போதும்” என்று நாம் கேட்கும்போது, அது இரண்டு பரோட்டாவோடு முடிவதில்லை. அணைத்த கல் மறுபடி சூடாக வேண்டும், கழுவிய கூடம் மறுபடி கழுவப்பட வேண்டும், ஒருவருடைய ரயில் போய்விடும். இந்தக் கடை அதற்கு மறுப்புச் சொல்கிறது, புன்னகையோடு சொல்கிறது. நான் அதை நல்ல உபசரிப்பின் பகுதியாகவே கொள்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். மாடியில் உள்ள பணியாளர் அறையில் எட்டுப் பேர் தங்குகிறார்கள். இரண்டு மின்விசிறிகள், ஒரே ஜன்னல். மே மாத இரவில் அந்த அறையில் யாருக்கும் தூக்கம் வராது, தூக்கமில்லாமல் எட்டு மணி நேர ஷிஃப்டும் பன்னிரண்டு மணி நேரமாகத்தான் தெரியும். சமையலறையில் புகை போக்கியின் திறன் போதாது. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தேன், கண் எரிந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. சாலைக்குத் துணி எடுக்க வரும் கூட்டம் இங்கேயும் திரும்புவதால் ஓவர் டைம் தவிர்க்க முடியாததாகிறது. அதற்கு இரு மடங்குக் கூலி தருகிறார்கள் என்றாலும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை இளைய பையன்களுக்கு உண்மையில் இருக்கிறதா என்பதில் எனக்கு நிறைவு இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, பின்கட்டில் பாத்திரம் துலக்கும் பெண்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கங்களிலிருந்து வரும் நான்கு பேர். நான் புகழ்ந்த அந்த வெள்ளைப் பலகையில் இவர்கள் பெயர் இல்லை. காலையில் வந்து பாத்திரம் தீரும் வரை இருக்க வேண்டும்; நாள் கூலி; விடுமுறை நாளுக்குக் கூலி கிடையாது; வாராந்திர விடுமுறையான செவ்வாய் இவர்களுக்குச் சம்பளம் இல்லாத நாளாக மட்டுமே இருக்கிறது. வீட்டில் சமையலும் குழந்தைகளும் தண்ணீர் பிடிப்பதும் இவர்களுக்காகக் காத்திருக்கின்றன. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நெருக்கடி இந்தக் கடையிலேயே அதிகமாக இருப்பது இவர்களுக்குத்தான். இதைக் கேட்டபோது, அவர்கள் ஒரு மேஸ்திரி மூலம் வருவதால் நேரடியாகக் கணக்கில் கொண்டுவரவில்லை என்று உரிமையாளர் சொன்னார். அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை என்று அவரிடமே சொன்னேன்: கடையில் விழும் ஒவ்வோர் இலைக்கும் பின்னால் கழுவிய ஒரு தட்டும் டம்ளரும் இருக்கும்போது, அதைக் கழுவியவர் மட்டும் வெளியாள் ஆக முடியாது. அவர் வெகுநேரம் பேசவில்லை. மேஸ்திரியின் கணக்கை முடித்துவிட்டு, வரும் தடைக்காலம் தொடங்குவதற்குள் நால்வரையும் மாதச் சம்பளத்துக்கும் இரண்டு ஷிஃப்டுக்கும் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். உணவுக்கு ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். பணியாளர் நலனுக்கு இப்போதைக்கு மூன்று. அந்தப் பெண்களின் பெயர்கள் பலகையில் ஏறியதைப் பார்த்தால் அந்த மதிப்பெண்ணை மாற்றி எழுதுவேன்.